சிந்தல் பங்கு

சாக்கின் வாயை அவிழ்த்து, படியில் அரிசியை அள்ளித் தலைதட்டி, "லாபம்" என்று சொல்லிப் பானையில் கொட்டினாள் மதிவதனி. அளக்கும்போது முதல் படியை ஒன்று என்று சொல்கிற வழக்கம் வரிச்சிக்குடிப் பக்கம் எவருக்கும் கிடையாது. முதலில் லாபம். அப்புறம்தான் ரெண்டு.

"ரெண்டு" என்றது ஒரு குரல்.

அவள் இரண்டாவது படியை இன்னும் அள்ளவே இல்லை.

அண்ணன்தான் சொல்கிறான் என்று நினைத்துத் திரும்பினாள். கோவிந்தராசு வாசல் தகரத்துக்குக் கீழே நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தான். சாக்கைத் தோளிலிருந்து இறக்கிவைத்த கையோடு வெளியே போய் நின்றவன்தான். டீ போடுகிறேன் என்றதற்கும் வேண்டாம் என்றுவிட்டான். மூட்டை தூக்கித் தூக்கிக் காய்த்துப்போன அவன் பிடரியில் மழைத்தண்ணீர் வழிந்தது. துடைக்கவில்லை.

"நீ சொன்னியாண்ணே?"

"நான் ஒண்ணும் சொல்லலியே. தகரத்துல மழ அடிக்கிது."

"ரெண்டுன்னு கேட்டுச்சே."

அவன் திரும்பிப் பார்த்தான். முகத்தில் ரத்தமே இல்லை. "அது மாப்ள பங்கு. சிந்தல். இத்தன நாளா குடோன் மூலையிலயே கெடந்துச்சு. ஒருத்தன் பங்க நாம வச்சிக்கக் கூடாதுல்ல" என்றான். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டே, யாரிடமோ சொல்வதுபோல, "அளக்காத மதி. சும்மா கையால அள்ளிப் போட்டு ஒலை வையி" என்றான்.

வண்டியை உதைத்துக் கிளப்பிப் போய்விட்டான். அளக்காதே என்று எந்த ஊரில் சொல்வார்கள்? அரிசியை அளக்காமல் என்ன, எண்ணியா போடுவார்கள்?

அவளுடைய கணவன் புகழேந்தி காணாமல் போய் அந்த ஐப்பசியில் அது மூன்றாவது வாரம். விழிதியூர் சாலையில் உள்ள அரிசிக் குடோனில் சுமை தூக்குகிறவன். அந்தக் குழுவுக்கு மேஸ்திரி கோவிந்தராசு. மச்சானும் மாப்பிள்ளையும் காலையில் ஒரே வண்டியில் போவார்கள், பொழுதுசாய ஒரே வண்டியில் வருவார்கள். அன்றைக்கு மட்டும் அண்ணன் தனியாக வந்தான். "மாப்ள மத்தியானமே கெளம்பிட்டாரே, வூட்டுக்கு வரலியா?" என்று கேட்டான். போனைப் போட்டால் அணைந்திருந்தது. திருப்பூருக்கு ஓடிவிட்டான் என்று ஒருத்தி சொன்னாள். எவளோ இருக்கிறாள் என்று இன்னொருத்தி சொன்னாள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

மதிவதனிக்குத் தெரியும், அவன் ஓடுகிற ஆள் இல்லை. மாற்றிக்கொள்ள ஒரு சட்டைகூட எடுக்காமல் ஓடுவானா? அவள் அரிசி அளக்கும்போது, வீட்டில் எந்த மூலையில் இருந்தாலும் பதில் சொல்லுகிற மனுஷன் அவன். இவள் அடுப்படியில் "லாபம்" என்பாள். அவன் கொல்லையில் பல் விளக்கிக்கொண்டே "ரெண்டு" என்பான். கல்யாணமான புதிதில் ஆரம்பித்த விளையாட்டு. சண்டை போட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த நாட்களில்கூட அந்த "ரெண்டு" மட்டும் வந்துவிடும். அது வந்தால் சண்டை தீர்ந்தது என்று அர்த்தம்.

இப்போது கேட்டது அதே குரல். அதே மாதிரி, கடைசி எழுத்தில் லேசாக ஒரு சிரிப்பு. ஆனால் கொல்லையிலிருந்து வரவில்லை.

சாக்கைப் பார்த்தாள். ஓரம் தைத்த பழைய சணல் சாக்கு, பாதி அளவுக்கு அரிசி. வாய் திறந்தபடி கிடந்தது. உள்ளேயிருந்து ஒரு வாடை வந்தது. பழைய அரிசி வாடைதான். அதற்கு அடியில் வேறொன்றும் இருந்தது, அழுகின பூண்டு மாதிரி. குடோனில் வண்டுக்கு வைக்கிற மருந்தின் வாடை அது. புகழேந்தியின் சட்டையில் பல நாள் அந்த வாடையைத் துவைத்திருக்கிறாள்.

பொழுது சாய்வதற்குள் மழை விட்டது. தெரு சத்தமில்லாமல் கிடந்தது. கூரையிலிருந்து சொட்டும் தண்ணீரும், வயல் பக்கம் தவளைகளும், எங்கோ ஒரு வீட்டில் சீரியலும். மதிவதனி சாக்கின் முன்னால் உட்கார்ந்து படியைக் கையில் எடுத்தாள். மனப்பிரமை என்று தெரிந்துகொண்டால் நிம்மதியாகப் படுக்கலாம் என்று நினைத்தாள். படியை அரிசிக்குள் அழுத்தினாள். உள்ளங்கையில் அரிசி ஜில்லென்று இருந்தது.

"லாபம்."

ஒன்றுமில்லை. கூரை சொட்டியது.

"ரெண்டு" என்றது அரிசி.

அவள் கை படியோடு நின்றது.

"மூணு." ஒரு இடைவெளி. பாரம் ஒன்று எங்கோ இறங்குகிற மாதிரி ஒரு தொம் சத்தம். "நாலு." மறுபடி தொம். "அஞ்சு." ஒவ்வொரு எண்ணுக்கும் மூச்சு குறைந்துகொண்டே வந்தது. ஆனால் குரலில் பயமில்லை. சந்தோஷம் இருந்தது, ஏதோ நல்லது நடந்துகொண்டிருக்கிற மாதிரி. அதுதான் அவளால் தாங்க முடியவில்லை. சாக்கின் வாயைச் சுருட்டிக் கயிற்றால் இறுக்கிக் கட்டினாள். அம்மிக்கல்லைத் தூக்கி அதன் மேல் வைத்தாள். கட்டிய சாக்கு, அடுப்பை அணைத்த பிறகும் வெகுநேரம் முனகிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை காரைக்காலில், தொழிலாளர் அலுவலகத்தில் விசாரணை.

அந்த மனுவைப் போட்டது வக்கீல் ஹஃபீஸா. குடோன் வாசலில் டீக்கடை வைத்திருக்கும் காசியம்மா, புகழேந்தி காணாமல் போன அன்றைக்கு மத்தியானத்துக்கு மேல் உள்ளே இடி விழுந்த மாதிரி சத்தம் கேட்டதாக மதிவதனியிடம் சொல்லப்போய்த்தான் இவள் வக்கீலைத் தேடிப் போனாள். ஹஃபீஸா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "குடோன்ல ஆள் அடிபடறதுன்னா பெரும்பாலும் இதுதான்மா. அட்டியா அடுக்குன மூட்டை சரியும். ஒசரத்துலேர்ந்து ஆள் விழுவாங்க. பாரம் தூக்கி முதுகெலும்பு போகும். லாரி பின்னால வந்து நசுக்கும். யார் கவனக்குறைவா இருந்தாலும் சரி, வேலை நேரத்துல வேலையிடத்துல நடந்தா மொதலாளி நஷ்டஈடு குடுத்தாகணும். சட்டம் உங்க பக்கம்தான் இருக்கு. ஆனா அவரு அப்ப உள்ள இருந்தாருன்னு சொல்ல ஒரு ஆள் வேணும்" என்றார்.

"என் அண்ணன் இருக்கு. அதுதான் மேஸ்திரி" என்று மதிவதனி சொன்னாள். சொல்லும்போது அவளுக்கு எவ்வளவு தெம்பாக இருந்தது!

அண்ணனும் சத்தியம் செய்தான். அவள் தலையில் கை வைத்து, "வந்து சொல்றேன் புள்ள, நீ அழாத" என்றான். நஷ்டஈடு ஒரு பக்கம் கிடக்கட்டும். என் புருஷன் ஓடிப்போகவில்லை, வேலைக்குப் போனவன் திரும்பவில்லை, அவன் எங்கே என்று அந்தக் குடோன்காரன் பதில் சொல்லட்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

விசாரணையில் கோவிந்தராசு கைகட்டி நின்றான். அதிகாரி கேட்டார். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"மத்தியானமே போயிட்டாருங்க. லோடு வர்றதுக்கு முன்னாடியே. குடிப்பாருங்க. வூட்ல சண்டன்னு சொன்னாருங்க."

தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். மதிவதனி தன் அண்ணனின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நரம்பு ஆடவில்லை. அப்பா செத்தபோது அவளைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்ற அண்ணன். தாலிக்குப் பொன் வாங்கிக் கொடுத்த அண்ணன். தான் பார்த்துக் கட்டிவைத்த மாப்பிள்ளையைக் குடிகாரன் என்கிறான். அவளுக்கு அழுகை வரவில்லை.

வெளியே வந்து ஹஃபீஸாவின் கையைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் அது அவளுக்கு உறைத்தது.

"சிந்தல் மேடம்."

"என்னம்மா?"

"லோடு ஏத்தி எறக்கும்போது கீழ சிந்துற அரிசிய, வேல முடிஞ்சி கதவு சாத்தறப்ப கூட்டி அள்ளிப் பங்கு போட்டுப்பாங்க. கடைசி வரைக்கும் நின்னவங்களுக்குத்தான் பங்கு. பாதியில போனவங்களுக்குக் கெடையாது. சாமியே வந்தாலும் கெடையாது. எங்கண்ணன் நேத்து அவரோட அன்னிக்குப் பங்கக் கொண்டாந்து குடுத்திச்சு. மத்தியானம் போனவருக்கு ஏது மேடம் பங்கு?"

ஹஃபீஸாவுக்குப் புரிந்தது. பொய்ச் சாட்சி சொல்லத் துணிந்தவன், கூலியாள் வழக்கத்தை மீறத் துணியவில்லை. செத்தவன் பங்கைத் தின்றால் ஆகாது என்று பயந்திருக்கிறான்.

"நான் இன்னிக்கே மனு போடறேன். குடோனத் தெறந்து பாக்கச் சொல்லிக் கேப்போம். நீங்க மட்டும் தனியா அங்க போயிடாதீங்க மதிவதனி" என்றார் அவர்.

மதிவதனி தலையாட்டினாள். பேருந்து நிறுத்தத்தில் நின்றாள். வரிச்சிக்குடிக்குப் போகிற வண்டி வந்தது, அவள் ஏறவில்லை. அடுத்து வந்த வண்டியில் ஏறி விழிதியூர் சாலையில் இறங்கினாள்.

மத்தியான வெயில் மழைக்குப் பிறகு சுள்ளென்று அடித்தது. இரண்டு பக்கமும் நடவு முடிந்த வயல். காசியம்மாவின் டீக்கடை பூட்டியிருந்தது. குடோன் வாசலில் மண்டையோடு வரைந்த தகரம் தொங்கியது. விஷ மருந்து வைக்கப்பட்டுள்ளது, உள்ளே வராதே. அந்தப் பெரிய முற்றத்தில் ஒரு லாரி இல்லை, ஒரு ஆள் இல்லை. ஷட்டர் கதவுக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் கோவிந்தராசு மட்டும் உட்கார்ந்திருந்தான். இரண்டு காதிலும் பஞ்சு வைத்திருந்தான்.

அவளைப் பார்த்ததும் எழுந்தான்.

"கதவத் தெற."

"மருந்து வச்சிருக்கு மதி. உள்ள போனா செத்துருவ."

"தெறன்னு சொல்றேன்ல? அவர் உள்ளதான இருக்காரு?"

அவன் காதுப் பஞ்சை எடுத்துப் போட்டான். அப்புறம் குனிந்து பூட்டைத் திறந்தான். கதவை இடுப்பளவு தூக்கினான். அது தகரம் கிறீச்சிட மேலே போனது. அவள் குனிந்து உள்ளே நுழைந்தாள். அவன் வெளியிலேயே நின்றான்.

பகலில் அப்படி ஒரு இருட்டை அவள் பார்த்ததில்லை. மேலே எங்கோ ஓட்டை வழியாகக் கயிறு மாதிரி இரண்டு மூன்று வெளிச்சம் இறங்கியது, தரையைத் தொடுவதற்குள் மங்கிப்போனது. கால் வைத்த இடமெல்லாம் அரிசி நெறுநெறுத்தது. பூண்டு வாடை மூக்கில் ஏறிக் கண்ணில் நீர் வந்தது. முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். குடோன் முழுவதும் காலி. நடுவில் மட்டும் ஒரு அட்டி, ஒரு மாடி வீட்டு உயரத்துக்கு. மேலிருந்து கீழ்வரை தார்ப்பாய் போர்த்தி, காற்றுப் போகாமல் ஓரமெல்லாம் நீள நீளமான மணல் பைகளை வைத்து அமுக்கியிருந்தார்கள்.

தார்ப்பாய் லேசாக உள்ளே ஒட்டியது. பிறகு வெளியே உப்பியது. மறுபடி ஒட்டியது.

காற்றாக இருக்கும். குடோனுக்குள் காற்று இல்லை.

அவள் முந்தானையை மூக்கிலிருந்து எடுத்தாள். சொல்லக் கூடாது என்று தெரிந்தது. சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

"லாபம்" என்றாள்.

"ரெண்டு" என்றது அட்டி.

சிரிப்போடு. கொல்லையில் பல் விளக்குகிற குரல்.

அவள் அட்டியின் முன்னால் மண்டியிட்டாள். "ஐயோ என்னங்க! என்னங்க!" என்று தார்ப்பாயை இரண்டு கையாலும் அறைந்தாள். பின்னால், கதவுக்கு வெளியே, அண்ணன் அழுகிற சத்தம் கேட்டது.

"குறுக்கும் நெடுக்குமா போட்டாத்தான் அட்டி நிக்கும். அவசரத்துல ஒரே வாக்குல ஏத்தச் சொன்னேன். லாரி நிக்கிது, மேல ஏறி எறக்க நேரமில்ல, அடியிலேர்ந்து உருவுடான்னேன். அவன் மாட்டேன்னான். நாந்தான் திட்டுனேன். உருவுனான். மொத்தமும் அவன் மேல வந்துடுச்சு மதி."

"தூக்கலியா?" அவள் கத்தினாள். "எடுத்துவிடலியா நீ?"

"மொதலாளி போன்ல சொன்னாரு. ஏத்தச் சொன்னவன் நீ, கேசானா நீதான் உள்ள போவன்னாரு. மறுநா சரக்கப் பாக்க ஆள் வருது, அட்டி நிக்கணும்னாரு. வடக்கத்திப் பசங்க ரெண்டு பேரு இருந்தானுவ, அவனுவள மறுநாளே ரயிலேத்தி விட்டாச்சு. நாங்க மூணு பேருந்தான்..." அவன் மூக்கை உறிஞ்சினான். "அவனுக்கு உசுரு இருந்துச்சு. சாக்கு சரசரன்னு கேட்டதும் மேலேர்ந்து எடுக்குறோம்னு நெனச்சிக்கிட்டான். பயப்படாத மாப்ள, எறக்கிட்டிருக்கோம்னு நானும் சொன்னேன். வேற என்னத்தச் சொல்லுவேன்? லாபம்னான். ரெண்டுன்னான். ஒவ்வொரு மூட்டைக்கும் எண்ணுனான் மதி. எறக்குறோம்னு நெனச்சி எண்ணுனான். நாங்க அவன் மேலயே ஏத்திக்கிட்டிருந்தோம்."

சாக்குக்குள் கேட்ட சந்தோஷம் ஏனென்று இப்போது தெரிந்தது. அண்ணன் வந்துவிட்டான், எடுத்துவிடுவான் என்ற சந்தோஷம்.

"வக்கீல் மேடம் மனு போட்டிருக்காங்க. எல்லாத்தையும் சொல்லப் போறேன். ஒன்னயும் சொல்லுவேன்" என்றாள். எழுந்து கதவைப் பார்த்து நடந்தாள்.

வெளிச்சத்தில் அவன் கால்கள் மட்டும் தெரிந்தன. ஒரு நிமிஷம் அவை அசையவில்லை.

"என்ன மன்னிச்சிடு புள்ள."

கதவு இறங்கியது.

அவள் ஓடிப்போய்த் தகரத்தில் மோதினாள். "அண்ணே! அண்ணே, நான் மதிண்ணே!" கீழே விரலகலத்துக்கு வெயில் கோடு. அதில் அவன் செருப்பு. பூட்டு விழும் சத்தம். பிறகு ஏதோ இழுபடும் சத்தம். மணல் பையை இழுத்துவந்து அந்த இடுக்கில் வைத்து, காலால் மிதித்து அமுக்கினான். வெயில் கோடு ஓரத்திலிருந்து அணைந்துகொண்டே வந்து இல்லாமல் போனது.

இருட்டு. பூண்டு வாடை. அவள் இருமல்.

எவ்வளவு தட்டினாள் என்று தெரியாது. கை ஓய்ந்தது. தரையில் உட்கார்ந்தாள். தலை கனத்தது.

பின்னால் தார்ப்பாய் கிழியும் சத்தம்.

மெதுவாக. நீளமாக.

அப்புறம் பாரமான ஒன்று தரையில் இறங்கியது. தொம்.

"லாபம்."

வருகிறார். மூட்டைகளைத் தள்ளிக்கொண்டு வருகிறார். அவளுக்கு அழுகை பீறிட்டது. பயமும் சந்தோஷமும் ஒன்றாக வந்தன. பழக்கம் விடவில்லை. இருமலுக்கு நடுவில், "ரெண்டு" என்றாள்.

தொம். இது பக்கத்தில்.

இன்னொன்று. அவள் பாதத்தை உரசியது. சணல் சொரசொரவென்று இருந்தது. அதற்கு மேல் குறுக்கே ஒன்று. அவள் கையை நீட்டித் தடவினாள். விழுந்து சிதறிய மூட்டைகள் இல்லை அவை. நெடுக்கே ஒன்று, அதன் மேல் குறுக்கே ஒன்று. இடுக்கில்லாமல். அசையாமல். இது சரியாது. புகழேந்தி அடுக்குகிற அட்டி எப்போதும் சரிந்ததில்லை.

முழங்கால் வரை வந்துவிட்டது.

எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை. இடுப்பில் பாரம். முதுகில் பாரம். சில்லென்று ஒரு கை, சாம்பல் மாதிரி மருந்துப் பொடி ஒட்டிய கை, அவள் தலையைத் தொட்டு வருடியது. காதோரம் அந்தக் குரல். ஆசையாக. அடுப்படியில் கேட்கிற மாதிரி.

"பயப்படாத மதி. எறக்கிட்டிருக்கோம்."

மடியில் அடுத்த மூட்டை இறங்கியது.

"லாபம்" என்றான் அவன். சொல்லிவிட்டு அவளுக்காகக் காத்திருந்தான்.

மார்பு வரை ஏறிய சாக்குகளுக்கு நடுவில், மிச்சமிருந்த மூச்சில், "ரெண்டு" என்றாள் மதிவதனி.